அறிவுமதியின் மோட்டார்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் செங்கோடனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ரிமோட் கார்தான். அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தரிசு நிலத்தில் மேடும் பள்ளமுமாக மண்பாதை போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் பந்தயம் விடுவார்கள். மூன்று வருடமாக அவர்தான் முதலில் வந்தார். அறிவுமதி என்ற கணக்கு டீச்சர் வந்து சேர்ந்தபின், தொடர்ந்து நாலு வாரம் இரண்டாவது இடம்.

அவள் கார் மேடேறும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. எல்லாம் மோட்டார் செய்கிற வேலை என்று முடிவுகட்டி, கடையில் இருந்ததிலேயே வேகமாகச் சுற்றும் பிரஷ்லெஸ் மோட்டாரை வாங்கி மாட்டினார்.

"மூவாயிரத்து ஐந்நூறு கேவி!" என்று அவள் காதில் விழும்படி சொன்னார். ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்கிற கணக்குதான் கேவி.

நேர்ப்பாதையில் கார் அம்பாகப் பாய்ந்தது. இளகிய மண்மேட்டில் திணறியது. மூன்றாம் சுற்றில் புகைந்து நின்றேவிட்டது.

அறிவுமதி ஓடிவந்து மோட்டாரைத் தொட்டு, சுட்ட விரலை உதறினாள்.

"ஏனுங்ணா, இத்தனை கனமான காருக்கு இவ்வளவு கேவி எதுக்குங்க? கேவி கூடுனா சுத்துதான் கூடும், இழுவை வராதுங்க. என்னுது ரெண்டாயிரந்தானுங்க."

இழுவையைப் பற்றி லாரிக்காரர்களுக்கே வகுப்பெடுக்கிற ஆள் அவர். முகம் சுண்டிப்போனது.

"தெரியும் அம்மணி, சும்மா போட்டுப் பாத்தேன்" என்றார்.

மறுவாரம் அவரும் இரண்டாயிரம் கேவி மாட்டினார். கார் மேட்டைச் சிரமமில்லாமல் ஏறியது. அப்போதும் அரைச்சாண் முந்தி அவள்தான் ஜெயித்தாள். இனி மோட்டார்மேல் பழிபோடவும் வழியில்லாததால், கைகொடுக்கும்போது அவருக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.