கடவுள் வாழ்த்தும் கடைவாய்ப் பல்லும்

காசிவிஸ்வநாதன் கடவுள் வாழ்த்தின்றி எதையும் தொடங்கியவரல்லர். பிரிக்ஃபீல்ட்ஸ் துணிக்கடையொன்றில் கணக்கராக இருந்த காலம் முழுவதும், அவர் ஒரு பதிகம் பாடி முடிக்கும்வரை கல்லாப்பெட்டி திறவாது. ஆசிரியர் எவரிடமும் பயிலாமல், பழம்பாடல்களைத் தாமே ஓதி ஓதிப் பண் பழகியவர். பாடத் தொடங்கினால் வலக்கை காதோரம் போய்க் கன்னத்தில் படியும். இரண்டாம் பாட்டில் கண்கள் அருவியாகும். கேட்பவர்கள் மெல்ல எழுந்து போவது அக்கண்ணீரில் அவருக்குத் தெரிவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றுப் பூச்சோங்கின் புதுக் குடியிருப்பொன்றில் குடியேறினார். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். அவர் அதிகாலையில் பண் எடுத்தால் இரு பக்கத்துச் சுவர்களும் தட்டப்பட்டன. குளியலறைக்குள் பாடினார்; ஒலி குழாய் வழியே தங்கள் மாடிக்கு ஏறிற்று என்றார்கள் அண்டைவீட்டார். ஆகவே, தெருமுனையில் லாலாங் புல் மண்டிக் கிடந்த ஒரே வெற்றுநிலத்தின்மேல் அவர் உள்ளம் சென்றது. அங்கே ஒரு மண்டபம் எழுந்தால்! மேடை, ஒலிபெருக்கி, எழுந்து போக இயலாதபடி நெருக்கமாக நாற்காலிகள்!

அவ்வாண்டு வட்டார மேம்பாட்டுத் திட்டம் வகுத்த அதிகாரிகள், அந்நிலத்தில் மக்களுக்கு எது முதலில் வேண்டும் என்று நேரில் கேட்டறிய நாள் குறித்தனர். குடியிருப்புக்கு ஒருவர் பேசலாம், ஐந்து நிமிடம். குரல் வளம் கருதி அக்கம்பக்கத்தார் காசிவிஸ்வநாதனையே தேர்ந்தார்கள். துணைக்கு, மலாயில் தேர்ந்தவரும் இரயில்வேயில் ஓய்வு பெற்றவருமான அண்டைவீட்டுச் செபாஸ்டியன். மனுத்தாளில் "நேரில் விளக்கப்படும்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார் காசிவிஸ்வநாதன். விளக்கத்தைத் தாளில் அடக்க அவருக்கு மனமில்லை.

மனைவி மெய்யம்மைக்கு மண்டபத்தில் உடன்பாடில்லை.

"பல்லு வலின்னா பங்சாருக்கு ரெண்டு பஸ் மாறிப் போறோம். பல் கிளினிக் கேளுங்க. மண்டபத்துல யாரு வந்து உக்காருவா?"

"சிவபக்தி உள்ளவங்க வருவாங்க."

"வந்து எந்திரிச்சுப் போவாங்க லா."

அவள் வாக்கைக் காக்கவோ என்னவோ, குறித்த நாள் விடியலில் அவருடைய கடைவாய்ப் பல் கிளர்ந்தது. பல்லை ஈறு வளர்ந்து மூடி, அதனடியில் சீழ் கட்டி, வாய் விரலளவுக்குமேல் திறக்கவில்லை. கத்திக்கு அஞ்சி அதுவரை கிராம்பு வைத்தே காலம் கடத்தியவர். மெய்யம்மை வாடகைக்கார் பிடித்துப் பங்சாருக்கு இழுத்துச் சென்றாள்.

பல் மருத்துவர் சந்திரகலா இளையவர். அவரிடம் அண்மையில் வந்திருந்த லேசர் கருவி இருந்தது.

"கத்தி வேணாம் அங்கிள். இந்த ஒளியாலயே மேல மூடியிருக்கிற சதையை எடுத்துடலாம். ரத்தம் ரொம்ப வராது, தையலும் வேணாம்."

ஒளி என்றதும் காசிவிஸ்வநாதனுக்கு மெய்சிலிர்த்தது. மன்மதனை எரித்த நெற்றிக்கண் அல்லவா! அவருக்கு நிறக்கண்ணாடி மாட்டி, மருத்துவரும் மாட்டிக்கொண்டார்.

"ஆனா மரத்துப்போற ஊசி போடணும். மத்தியானம் வரைக்கும் நாக்கு உதடெல்லாம் இல்லாத மாதிரி இருக்கும். இன்னிக்குப் பேச்சைக் குறைச்சுக்குங்க."

"பரவால்ல. குரல் நாபியிலேருந்து வருது."

மெய்யம்மை கூரையைப் பார்த்தாள்.

முடி பொசுங்கியதுபோல் ஒரு நாற்றம் எழுந்தது. ஈறு அகன்றது. முகத்தின் ஒரு பாதி எங்கோ போய்விட்டிருக்க, எஞ்சிய பாதியுடன் அவர் நேரே கூட்டத்துக்குப் போனார்.

வாயிலில் செபாஸ்டியன் திகைத்தார். "அண்ணே, நான் பேசுறேன் லா. மண்டபம் வேணும், அவ்வளவுதானே?"

காசிவிஸ்வநாதன் கையசைத்து மறுத்தார். முறை வந்தது. எழுந்தார், விபூதியைத் திருத்திக்கொண்டார். நேரே பொருளுக்கு வந்திருந்தால் 'மண்டபம்' என்ற ஒரு சொல்லாவது தேறியிருக்கும். ஆனால் அவையில் கடவுள் வாழ்த்தின்றி வாய் திறப்பதா? கண்களை மூடி, கையைக் கன்னத்தில் வைத்துப் பதிகத்தை எடுத்தார்.

நாபியிலிருந்து குரல் சிறிதும் குறையாமல் வந்தது. நாக்குத்தான் அதைத் தமிழாக்கவில்லை. "ஊஆஅஅ..." என்றொரு பெருமுழக்கம் மன்றத்தை நிறைத்தது. வீங்கிய கன்னத்தில் கை, உதட்டோரம் எச்சில், இரண்டாம் பாட்டில் வழக்கம்போல் கண்ணீர்.

தலைமை அதிகாரி எழுதுகோலைக் கீழே வைத்தார். "கசியான்!", பாவம் என்று மலாயில் இரங்கினார். பல்வலியா என்று செபாஸ்டியனை மலாயில் கேட்டார்.

"பல்தான் துவான். ஆனா..."

எங்கே காட்டினீர்கள் என்று அதிகாரி இடைமறித்தார்.

செபாஸ்டியன் பொய் சொல்லிப் பழகாதவர். "பங்சார்ல, துவான்."

பூச்சோங்கிலிருந்து பங்சாருக்கா! அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். ஐந்து நிமிடம் முடிந்த மணி அடித்தது. வாழ்த்து ஏழாம் பாட்டில் நின்றது. காலையிலிருந்து பேசியவர்களெல்லாம் புள்ளிவிவரம் கொண்டுவந்தார்கள், இவர் தம் வேதனையையே கொண்டுவந்தார் என்று தலைமை அதிகாரி உருகினார். அந்நிலத்துக்கு நேராகப் பல் மருத்துவமனை என்று எழுதப்பட்டது.

வீட்டில் மெய்யம்மை பால்கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். "நான் கேட்டதை இவ்வளவு அழகா யாரும் எடுத்துச் சொல்ல முடியாது," என்றாள். அவர் மரக்காத பக்கமாக ஒதுக்கிக் கஞ்சியைக் குடித்தார்.

ஈராண்டில் மருத்துவமனை எழுந்தது. திறப்பு விழாவுக்கு வேண்டாவெறுப்பாகச் சென்ற காசிவிஸ்வநாதன், காத்திருக்கும் கூடத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். வரிசை வரிசையாக நெருக்கமான நாற்காலிகள். முறை தவறிவிடும் என்பதால் எழுந்து போக முடியாத மக்கள். வாய் வீங்கியவர் பாதி, மரத்துப்போனவர் பாதி.

மறுநாள் முதல் ஒன்பது மணிக்கு அவர் அங்கேதான் பண் எடுத்தார். தாதி ஒருமுறை தடுத்தாள். அவரோ தாம்தான் இம்மருத்துவமனையைக் கேட்டு வாங்கியவர் என்று அரசாங்கக் குறிப்பிலேயே இருப்பதைச் சொன்னார். அது உண்மையாகவும் இருந்தது.

தாதிக்கும் ஒரு நன்மை விளைந்தது. சிகிச்சை நாற்காலிக்கு அஞ்சிப் பின்வாங்கும் நோயாளிகள் அங்கே இல்லாமற்போனார்கள். இரண்டாம் பாட்டு தொடங்கியதும், "மிஸ்ஸி, என்னை முதல்ல கூப்பிடுங்க லா!" என்று கூடத்தின் எல்லாப் பக்கமிருந்தும் கைகள் உயர்ந்தன. பக்தி மேலிட்டு மக்கள் கைகளை உயர்த்துவதாகக் காசிவிஸ்வநாதன் மெய்யம்மையிடம் சொன்னார்.