ஆட்சேபணை இல்லை

தெருவில் அவளுக்குப் பெயரே இஸ்திரி அக்காதான். பதினான்கு வருடமாக ஒரு மேசை, ஒரு கரண்ட் இஸ்திரிப் பெட்டி, சுவர் நெடுக ஆணிகள். நின்று நின்று தேய்த்ததில் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. காலரைத் திருப்பிப் பார்த்தே சட்டை யாருடையது என்று சொல்லிவிடுவாள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொண்ட கையோடு இன்னும் நாலு வார்த்தை பேசுவாள்.

அந்த வாய்தான் நாத்தனாரை வீட்டை விட்டுத் துரத்தியது. கணவரின் தங்கை, கல்யாணம் முறிந்து வந்தவள். இரண்டு அறை வீட்டில் எட்டு மாதம் இருந்தாள், கடையில் கூடமாட நின்று தேய்க்கவும் பழகிக்கொண்டாள். ஒரு நாள் பால் பொங்கி அடுப்பு அணைந்ததில் பேச்சு முற்றி, "இது என்ன வீடா, சத்திரமா?" என்று இவள் கேட்டுவிட்டாள். மறுநாள் காலையில் நாத்தனார் பையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் சர்ச் நடத்தும் இல்லத்துக்குப் போய்விட்டாள். கணவர் வேன் ஓட்டுபவர். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்று இவளுக்கு இருந்தது.

இல்லம் என்றால், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெண்களை வைத்துப் பராமரிக்கிற இடம். அவர்களுடைய விரிப்புகளைத் துவைக்க யாரோ ஒரு புண்ணியவான் இரண்டு பெரிய மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தார். காலையில் விரிப்பு வேலை முடிந்தால் அப்புறம் மெஷின் சும்மா நிற்கும். நாத்தனார் கை சும்மா இருக்குமா? வெளித் துணி வாங்கித் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கலாம், வருகிறது இல்லத்துச் செலவுக்கு ஆகும் என்று இல்லத்தை நடத்தும் கன்னியாஸ்திரி மதரிடம் சொன்னாள். மதருக்கு அது பிடித்துப்போயிற்று. வேலையை அவளிடமே ஒப்படைத்து, தங்க ஓர் அறையும் கொடுத்தார்.

இவள் தேய்க்க மட்டும் வாங்குவதில் பாதிக்கு அங்கே துவைத்தும் தேய்த்தும் கொடுத்தார்கள். எப்படிக் கட்டுப்படியாகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டு விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சர்ச்சுக்கும் தர்ம ஸ்தாபனத்துக்கும் கரண்டுக்குச் சலுகைக் கட்டணம். இஸ்திரிக் கடைக்கு வியாபாரக் கட்டணம். இரண்டு இடத்துக்கும் ஒரே கம்பத்திலிருந்துதான் ஒயர் போகிறது.

மூன்று மாதத்தில் கடையில் ஈ ஓட்ட வேண்டியதாகிவிட்டது. பத்து வருட வாடிக்கைக்காரர்கள் துணி மூட்டையை இந்தப் பக்கத்துக் கையிலிருந்து அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டு, செல்போனில் பேசுகிற பாவனையில் கடையைத் தாண்டிப் போனார்கள்.

"தர்மம் பண்ணட்டும், யாரு வேணாம்னா? யார் காசுல பண்றாங்க? அவங்களுக்குக் குறைச்சத நம்ம தலையிலதானே கட்டுறாங்க?" என்று கணவரிடம் கேட்டாள்.

"அங்க எழுந்து நிக்க முடியாதவங்க இருக்காங்க."

"எனக்கு மட்டும் நிக்க முடியுதா? நின்னு நின்னுதானே இந்தத் தோளு இப்படி ஆச்சு."

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவள் கேட்டது நியாயமான கேள்வி. நின்று ஒரு பதில் சொல்லியிருந்தால் அவள் மனு எழுதாமலேகூட இருந்திருப்பாள், யார் கண்டது?

இரண்டு பக்கத்துக்கு எழுதினாள். சலுகைக் கரண்டில் வியாபாரம் நடக்கிறது, எங்கள் பிழைப்பில் மண் விழுகிறது, சலவை அறைக்கு மட்டுமாவது எங்களைப் போலவே கட்டணம் போடுங்கள் என்று. கீழே பெயர் போடவில்லை. தெருவில் இருப்பதே ஒரே ஒரு இஸ்திரிக் கடை. பெயர் போடாவிட்டால் யாருக்கும் தெரியாதாம்!

கரண்ட் ஆபீஸ் அதிகாரி இல்லத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குத்தான் வந்தார்.

"மனு நீங்க போட்டதுதானேம்மா? முடிஞ்சுது. சலுகைய எடுத்தாச்சு."

"சலவை ரூமுக்குத்தானே சார்?"

"கட்டடத்துக்கே ஒரே மீட்டர்தான். ஒரு ரூம்ல வியாபாரம் நடந்தா மொத்தமும் வியாபாரக் கணக்குதான். ரூல் அப்படி."

"அப்ப படுக்கையில இருக்கறவங்களுக்கும்?"

"அவங்களுக்கும் சேர்த்துதான்," என்றார் அவர், தாளை மடித்தபடி. கெட்டவர் இல்லை. அன்றைக்கு இன்னும் நாலு இடம் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு.

சலவை மறுநாளே நின்றது. ஒரு வாரத்தில் போன துணியெல்லாம் திரும்பி வந்தது. ஆணி போதாமல் கணவர் புதிதாக ஒரு வரிசை அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு ஆணிக்கும் நாலு அடி. அவள் கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. ஆனால் தெருக்கோடிப் பக்கம் போவதை அவள் நிறுத்திவிட்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு பகல் வேளையில் நாத்தனார் வந்தாள். உள்ளே வராமல் மேசைக்கு அந்தப் பக்கம், துணி கொடுக்க வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள்.

"அண்ணி, ஒரு கையெழுத்து வேணும்."

இவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எதுக்கு?"

"சலுகைய திரும்பக் கேட்டு மதர் எழுதியிருக்காங்க. அதே தொழில் பண்றவங்க ஆட்சேபணை இல்லைன்னு போட்டுக் குடுத்தா, சலவை நடந்தாக்கூடப் பரிசீலிப்பாங்களாம். இங்க அந்தத் தொழில்ல இருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

"அங்க இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"படுக்கைப் புண் வராம இருக்க காத்து மெத்தை இருக்கில்ல, மோட்டார் வச்சது? அது ராவும் பகலும் ஓடணும். பில்லு தாங்காம பன்னெண்டுல ஆறுதான் ஓட்டுறோம். பகல்ல ஆறு பேரு, ராத்திரி ஆறு பேரு. ரெண்டு பேருக்குப் புண் வந்திடுச்சு."

சாதாரணமாகத்தான் சொன்னாள். இவள் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"நான் சலவைக்கு மட்டும்தான் எழுதினேன்," என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"தெரியும் அண்ணி. ஆபீசர் காட்டின மனுவ மதர் என்கிட்டத்தான் படிக்கக் குடுத்தாங்க. நீங்க எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லையே."

தாளை வாங்கிப் படித்தாள். கடைசிக்கு முந்தின வரியில் கண் நின்றது. இல்லம் இனி எக்காலத்திலும் வெளித் துணி எடுக்காது.

"இந்த வரி யாரு போடச் சொன்னது?"

"நான்தான். அது இல்லாம உங்ககிட்ட எப்படி வந்து நிக்கறது?"

"அப்ப நீ? அந்த ரூம்?"

"வேலைக்குத்தானே ரூம் குடுத்தாங்க. இல்லத்துல சேர வேற ஒரு அம்மா காத்துட்டிருக்காங்க, அவங்களுக்கு விடணும். மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கச் சொன்னாங்க. எங்கயாச்சும் பாத்துக்கறேன்."

பேனா இவள் கையில் இருந்தது. அந்த வரியைக் குறுக்கே ஒரு கோடு கிழித்தால் போதும், நாத்தனாருக்கு வேலையும் இருக்கும், அறையும் இருக்கும். நிமிர்ந்தால் எதிரே சுவர் முழுக்கத் துணி. ஒரு மாதம் முன்னால் அது வெறும் ஆணியாக இருந்தது. பேனா அந்த வரி வரைக்கும் போயிற்று. பிறகு இறங்கி வந்து கீழே கையெழுத்துப் போட்டது.

நாத்தனார் தாளை வாங்கி, கசங்காமல், இவள் கற்றுக்கொடுத்த விதத்திலேயே நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"வரேன் அண்ணி."

வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்ல இவள் வாயெடுத்தாள். நாலு தெரு கேட்கப் பேசுகிற வாய். இரண்டு அறை, கணவரின் முகம், எட்டு மாதச் சண்டை, எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றன.

"ஒரு நாள் சாப்பிட வாயேன்," என்றாள்.

நாத்தனார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரிங்க," என்றாள், அண்ணி என்று சொல்லாமல். சொல்லிவிட்டு இல்லத்தை நோக்கி நடந்தாள்.