சிறுசே இல்லாத கடல்

போடிநாயக்கனூரில் பிறந்து கடல் நண்டைப் படிக்கப் போன ஒரே ஆள் தன் மகள்தான் என்று ஏலக்காய்க் கடை முத்துக்கிருஷ்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒருத்தியோடு நின்றது ஊர் செய்த புண்ணியம் என்று சூர்யகலா மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப்பு அத்தனை வளைவு திரும்பினாலும் பின்சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவள், பாக் நீரிணையில் படகு கரையை விட்டு நகர்ந்ததுமே குடலைக் கக்கினாள். இப்பேர்ப்பட்டவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது நீந்துகிற நண்டை.

நீலக்கால் நண்டு. கடைசிக் கால் இரண்டும் துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும், அதை வைத்துத்தான் நீந்தும். ஒரு வளைகுடாவில் அந்த நண்டுகள் எப்போது பிறக்கின்றன, எவ்வளவு வேகமாக வளர்கின்றன, எந்த வயதில் வலைக்குப் போகின்றன என்று அவற்றின் குடும்பக் கணக்கை எடுப்பது அவள் வேலை. சொந்தக்காரர்களுக்கு இது விளங்கவே இல்லை.

"நண்டுக்கு எதுக்குடி டாக்டரு? சளி புடிச்சா இடிச்சு ரசம் வைக்கிற சாமான்" என்றாள் சிலமலைப் பெரியம்மா முனியாயி. "சரி, அது ஏன் பக்கவாட்டுல நடக்குது? அதையாச்சும் சொல்லு."

சூர்யகலா கால் மூட்டு மடங்குகிற விதத்திலிருந்து ஆரம்பித்தாள். பெரியம்மா பாதியிலேயே எழுந்து சீரியல் பார்க்கப் போய்விட்டாள். சூர்யகலா வாழ்க்கையில் ஆற்றிய முதல் விரிவுரை அதுதான்.

வேலை சொல்வதற்குச் சுலபம். விடியக்காலையில் வலைக்காரர்கள் நண்டைக் கழற்றி மணலில் குவித்துப் போடுவார்கள். அந்தக் குவியலிலிருந்து அவள் ஒரு கூடை எடுத்துக்கொள்வாள். ஓட்டின் அகலத்தை அளந்து, ஆணா பெண்ணா, சினை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். மாதம் தவறாமல் அளந்து, எந்த அளவில் எத்தனை நண்டு என்று வரைபடம் போட்டால், சின்ன நண்டுகள் ஒரு மேடாகவும் பெரியவை ஒரு மேடாகவும் தெரியும். அடுத்த மாதம் சின்ன மேடு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். அதுதான் வளர்ச்சி.

சூர்யகலாவின் வரைபடத்தில் ஒரே ஒரு மேடுதான் இருந்தது. பெரிய நண்டுகளின் மேடு. அதுவும் மாமனார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்ட மாப்பிள்ளை மாதிரி மாதாமாதம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவளுடைய நண்டுகள் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை.

இதைப் பார்த்து ஒரு நிமிடம் சந்தேகப்பட்டிருக்கலாம். அவள் பரவசப்பட்டாள். அந்த வளைகுடாவுக்குக் குஞ்சு நண்டுகள் வருவதே நின்றுபோய்விட்டது, பேரழிவு தொடங்கிவிட்டது, அங்கே நண்டு வலையைச் சில மாதங்களுக்குத் தடை செய்ய வேண்டும் என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தைக் கண்ணில் நீர் மல்க எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியை ஞானபாக்கியம் படித்துவிட்டு, "கடைசியா ஒரு தரம் சரிபாத்துக் கொடு, அனுப்பிருவோம்" என்றார். பட்டம் கைக்கு வந்துவிட்டால் போடியிலேயே ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. கல்லூரிக்காரர்கள் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். பட்டம் தள்ளிப்போனால் அந்த வேலை வேறு ஆளுக்கு. அதற்குள் முத்துக்கிருஷ்ணன் கடை வாசலில் கட்டுவதற்கு ஃபிளெக்ஸ் அடிக்கச் சொல்லியாகிவிட்டது. அதில் மகளின் படத்தை விட நண்டின் படம் பெரிது.

சரிபார்ப்பதற்காகத்தான் அவள் ஊருக்கு வந்தாள். வீட்டில் விருந்தாளிகள் நச்சரிப்பு தாங்காமல் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். அங்கே சுருளியம்மாளும் இன்னும் சில பெண்களும் தட்டுத் தட்டாக ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரையைப் பார்த்தபடி, பேசுவதற்கு ஆள் கிடைத்ததே என்று சுருளியம்மாளிடம் குஞ்சு நண்டுகளின் சோகக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ பாவம்" என்ற சுருளியம்மாள் சிரித்தாள். "பாப்பாவுக்கு வாய் கடலுக்குப் போனாலும் கை மட்டும் கடையிலதான் இருக்கு."

சூர்யகலா குனிந்து பார்த்தாள். எப்போது தட்டைத் தன் பக்கம் இழுத்தாள் என்றே தெரியவில்லை. பெரிய, பச்சை மாறாத காய்கள் வலப்பக்கம் குவிந்திருந்தன. சிறுசு, வெடித்தது, வெளுத்தது எல்லாம் இடப்பக்கம் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. பாவாடை கட்டிய காலத்திலிருந்து அப்பா பழக்கிய வேலை. தட்டில் நிற்கிற காய் அத்தனையும் ஒரே அளவாக இருக்க வேண்டும், சிறுசு கண்ணிலேயே படக்கூடாது.

மணலில் கிடந்த நண்டுக் குவியல் நினைவுக்கு வந்தது. அதிலிருந்து கூடையை நிரப்பியதும் இதே கைதான்.

செல்போனை எடுத்துக் கடற்கரைப் படங்களைத் தேடினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. அவளுடைய வாட்ஸ்அப் முகப்புப் படத்திலேயே, ஒரு வருஷத்துக்கு மேலாக, உள்ளங்கையில் ஒரு பொடி நண்டை வைத்துக்கொண்டு அவள் ஈயென்று இளித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கிடந்த குவியலின் ஓரமெல்லாம் பொடிசுகள். குஞ்சே இல்லை என்று முந்நூறு பக்கம் எழுதியவள், குஞ்சோடு சேர்ந்து படம் எடுத்து ஊருக்கே காட்டியிருக்கிறாள். கொஞ்சுவதற்கு எடுத்திருக்கிறாள், அளக்க எடுக்கவில்லை.

யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற எண்ணம் உடனே வந்தது. வந்தது மட்டுமில்லை, இரண்டு நாள் அவளோடு சாப்பிட்டுத் தூங்கியது. கல்லூரி வேலை, ஃபிளெக்ஸ், அப்பாவின் முகம். மறுபக்கம், அவள் பேச்சைக் கேட்டு யாராவது அந்த வலைகளை நிறுத்திவிட்டால், கூடை கூடையாக அவளுக்கு நண்டு கொடுத்த அதே வலைக்காரர்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். தான் முட்டாள் என்பது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. அயோக்கியத்தனத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. பேராசிரியைக்குப் போன் போட்டாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு ஞானபாக்கியம், "எந்தெந்த மாசம் இப்படிப் பொறுக்கினே?" என்றார்.

"எல்லா மாசமும், மேடம்."

"கோடு அவ்வளவு அழகா இருந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்று பெருமூச்சு விட்டார். "முதல்லேர்ந்து ஆரம்பி. பொறுக்காதே. வாளியைக் குவியல்ல விட்டு மொண்டு, விழுந்தது அத்தனையையும் அள. இன்னொரு வருஷம் ஆகும்."

அப்பாவிடம் அன்று சாயங்காலமே சொன்னாள். முத்துக்கிருஷ்ணன் முதலில் ஃபிளெக்ஸ்காரனைத் திட்டினார், பிறகு கல்லூரிக்காரர்களை, பிறகு நண்டை. கடைசியில்தான் மகளைப் பார்த்தார். "நல்லதாப் பொறுக்கி எடுத்தது ஒரு குத்தமா ஆத்தா? குப்பையை அள்ளிட்டு வந்தாத்தான் படிப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போய்விட்டார். அந்த வேலையை விடத் தனக்கு அவர் முகம்தான் பெரிது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

கடற்கரைக்குத் திரும்ப பஸ்சு ஏறுவதற்கு முந்தின நாள், கடையில் ஆள் இல்லாத நேரம், பொறுக்காமல் எடுத்துப் பழகலாம் என்று தரம் பிரிக்காத மூட்டை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டாள். கண்ணை இறுக்க மூடிக் கையை விட்டு எடுத்துப் பார்த்தாள். உருண்டு திரண்டவையே வந்தன. பாழாய்ப்போன விரலுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. மறுபடி எடுத்தாள். மறுபடியும் அதேதான்.

"என்ன சோலி பாக்குற?"

அப்பா பின்னால் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. கூச்சத்தோடு சொன்னாள். "இது என்ன பெரிய வித்தையா, தள்ளு" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சாமி கும்பிடுகிறவரைப் போல கண்ணை மூடி, மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். எடுத்து, அவள் முன்னால் விரித்தார்.

உள்ளங்கை நிறையப் பெரிய காய்கள். பசேலென்று, ஒன்று போல் ஒன்று. பேருக்குக் கூட ஒரு சிறுசு இல்லை.

முத்துக்கிருஷ்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மூட்டைக்குள் உதறிவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கும் பட்டம் கெடைக்காது போல, ஆத்தா."