இஜ்ஜா அத்தையின் கருகிய ரொட்டி

அட்லஸ் மலையில் எங்கள் கணவாய்ப் பக்கம் பாஸ்ஸூவின் வாடகை வண்டியை அறியாத கழுதைகூட இல்லை. ஆறு பேர் உட்காரும் வண்டியில் அவன் பதினொரு பேரையும் இரண்டு ஆடுகளையும் ஒரு கல்யாணத்தையும் ஏற்றி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மணப்பெண் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள் என்றால் நம்பமாட்டீர்கள். ஆகவே மணப்பெண்ணை விட்டுவிடுகிறேன்.

ஒரு வசந்தத்தில் பெல்ஜியத்துப் பயணி ஒருவர் பின்சீட்டில் கேமராவை மறந்துவிட்டுப் போனார். பாஸ்ஸூ கடிதம் போட்டான். “நீயே வைத்துக்கொள், நான் பார்க்காத இடங்களை எடு” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து வண்டி வளைவுக்கு வளைவு நின்றது.

“அந்த மேகம் ஒனக்கு வாடகை குடுக்குதாடா?” என்று பின்சீட்டு கத்தும். அவன் படம் எடுத்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

அவன் மகள் இத்தோ ஆறாம் வகுப்பு முடித்தாள். மேலே படிக்கச் சந்தை ஊருக்குப் போகவேண்டும். குளிர்காலத்தில் பனி கணவாயை மூடிவிட்டால் அப்பனின் வண்டியும் உதவாது. மலைப் பெண்பிள்ளைகளுக்காக அங்கே ஒரு தொண்டுச் சங்கம் விடுதி நடத்துகிறது. இருபது கட்டில், இருபதும் நிறைந்துவிட்டன. இத்தோவையும் சேர்த்து ஒன்பது பேர் வெளியே.

“பக்கத்துல ஒரு அறை இருக்கு, கூரைதான் இல்ல,” என்றாள் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் ஹத்தூம். “பள்ளி தெறக்கிறதுக்குள்ள கூரை வந்தா ஒன்பது பேரும் வரலாம். இல்லேன்னா அடுத்த வருஷம்.”

ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை எங்கள் ஊர் மறுபடி பள்ளிக்கு அனுப்பியதே இல்லை. இது பாஸ்ஸூவுக்கும் தெரியும், இத்தோவுக்கும் தெரியும்.

எடுத்த படங்களைச் சுருட்டிக்கொண்டு சந்தை ஊரில் ஓட்டல் நடத்தும் ஸல்வாவிடம் போனான். காஸாபிளாங்காக்காரி, மனசில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாது.

“மலை நல்லாத்தான் இருக்கு, பாஸ்ஸூ. அத என் ஜன்னல்லயே சும்மா பாக்கலாமே. மனுஷங்க எங்க?”

“எங்க பொம்பளைங்க முகத்தப் படம் புடிக்க விடமாட்டாங்க.”

“முகம் வேணாம், ஆளு வேணும். என் சுவரத் தர்றேன். விக்கிற காசு மொத்தமும் கூரைக்கு.”

பாஸ்ஸூ நேரே தன் இஜ்ஜா அத்தையிடம் வந்தான். எழுபது வயதில் ஆட்டை முந்திக்கொண்டு மேடு ஏறுகிறவள் அவள். முற்றத்து அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

“அத்தை, முகத்த மறைச்சுக்குங்க. ஒரே ஒரு படம்.”

“எதால மறைக்க? ஒன் மூஞ்சியாலயா?” என்றவள், அடுப்பிலிருந்து எடுத்த வட்ட ரொட்டியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“சீக்கிரம் அத்தை, வெளிச்சம் போகுது!”

எடுத்தாயிற்று. செய்தி பரவியது. பக்கத்து வீட்டுத் தூதா சல்லடையால் மறைத்துக்கொண்டாள், ஒருத்தி தாம்பாளத்தால், ஒருத்தி ஆட்டுக்குட்டியால். எலும்பு வைத்தியர் மனைவி பிடித்த சேவல் சிறகடித்த வேகத்தில் படத்தில் மூன்று சேவல்கள் விழுந்தன. பாஸ்ஸூ எல்லோரிடமும் ஒரே வாக்குத்தான் கொடுத்தான்: “எறக்குன்னு சொன்னா எறக்கிடுவேன்.”

சுவரில் மாட்டிய நாளில் பெண்களை மூன்று நடையாக இறக்கிக் கொண்டுபோனான். ஒரே சிரிப்பு. “இது தூதா! சல்லடை ஓட்டையப் பாரேன்!” இஜ்ஜா அத்தை மட்டும் தன் படத்தின் முன் அசையாமல் நின்றாள்.

“பாஸ்ஸூ, இங்க வா. ரொட்டி ஓரத்தப் பாரு.”

“என்ன அத்தை?”

“கருகியிருக்கு! முகத்த மறைச்சிட்டு மானத்தத் தூக்கிக் காட்டிட்டியேடா! அம்பது வருஷமா சுடறேன், ஒருத்தி வாய் தெறந்து குறை சொன்னதில்ல. எறக்கு.”

ஸல்வா ஓடிவந்து அவன் காதைக் கடித்தாள். ரபாத்திலிருந்து வந்த பல் மருத்துவர் அந்தப் படத்தைத்தான் கேட்கிறார். அவர் தரும் காசு பாதிக் கூரைக்கு ஆகும்.

பாஸ்ஸூ கெஞ்சவில்லை. வாக்கு வாக்குத்தான். படத்தை ஆணியிலிருந்து கழற்றினான். இத்தோ பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிக் கூரைக்குக் கீழே யாரும் தூங்க முடியாது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

அத்தை அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மருத்துவரிடம் திரும்பினாள். “நாளைக்கு நல்லதா ஒண்ணு சுடறேன். அதப் படம் புடிச்சுத் தரச் சொல்றேன், வாங்கிக்குங்க.”

“இல்லம்மா, எனக்கு இதுதான் வேணும். எங்கம்மா ரொட்டியும் இப்படித்தான்.”

“பல்லு புடுங்குறவருக்கு ரொட்டியப் பத்தி என்ன தெரியும்!” அத்தை சற்று நேரம் முனகினாள். “ஏ இத்தோ, ஒனக்கு நல்லா எழுத வருமில்ல? காகிதம் எடு. நான் சொல்றத ஒரு எழுத்து விடாம எழுது.”

இத்தோ ஓட்டல் மேஜையில் குனிந்து எழுதினாள்:

‘அன்றைக்கு மேற்குக் காற்று. அடுப்பின் மேல் குற்றமில்லை. சுட்டவள் மேலும் குற்றமில்லை. படம் எடுத்தவன் அவசரப்படுத்தினான்.’

“இத அடியில ஒட்டு. இப்ப மாட்டு.”

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது கூரை ஏறியது. அந்தப் படம் ரபாத்தில் மருத்துவரின் கூடத்தில் தொங்குகிறது. கன்னம் வீங்கி வருகிறவர்கள் அடியில் இருப்பதைப் படித்துச் சிரித்தே வலி போய் வீடு திரும்புகிறார்களாம், மருத்துவர் கலங்கிப்போயிருக்கிறாராம்.

ஒன்பது மெத்தைகளையும் ஒன்பது பெண்களையும் பாஸ்ஸூ ஒரே நடையில் ஏற்றினான். கிளம்பும் நேரத்தில் இஜ்ஜா அத்தை ஒன்பது ரொட்டிகளைத் துணியில் சுற்றி ஜன்னல் வழியே திணித்தாள். வழியனுப்ப நின்ற நான் விடுவேனா? ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கருகல் இல்லை.