ஜெயில் வாசலில் என் வெறும் நெற்றி

சிங்கப்பூரில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர் சண்டையில் செத்துப்போனார் என்று அங்கிருந்து தப்பி வந்த ஒருவர் வந்து சொன்னார். கண்ணால் பார்த்தேன் என்றார், மகானுபாவர். கோட்டைக்குள் எங்கள் அக்கிரகாரத்தில் பதின்மூன்று நாள் காரியமும் நடந்தது. தாலியைக் கழற்றினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

சண்டை முடிந்த மறுவருஷம் அவர் உயிரோடு வந்தார். ஜப்பான்காரன் பக்கம் நின்ற படையில் சேர்ந்திருந்தாராம். வெள்ளைக்காரப் பட்டாளம் பிடித்து அங்கேயே அடைத்து வைத்து, பிறகு கப்பலேற்றி, எங்கள் ஊர்த் தம்பானூரில் ரயிலிறக்கி, இங்கே ஜெயிலில் ஒப்படைத்துவிட்டது. சேதி வந்த அன்று நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே நினைவில்லை.

சாலை பஜார்க் கடைக்காரர்களுக்கு வழக்காடும் வக்கீல் ஒருவரைப் பிடித்தோம். "பட்டாளத்துல கேட்டா, 'எங்க கையை விட்டுப் போயாச்சு'ங்கறா. ஜெயில்ல கேட்டா, 'பட்டாளம் சொன்னாத்தான் விடுவோம்'ங்கறா. எந்த உத்தரவுல வச்சிருக்கான்னு கோர்ட்டுல கேக்க நமக்குப் பாத்தியதை உண்டு. வக்காலத்துக் காகிதத்துல அவர் ஒப்பு, ஒரு கையெழுத்து மட்டும் வேணும். என்னை உள்ளே விடமாட்டா. மாசத்துக்கு ஒரு தடவை, பெண்டாட்டியை மட்டும் விடுவா. பொட்டு வச்சுண்டு போம்மா," என்றார்.

மாமனார் சம்மதிக்கவில்லை. கருமம் முடிந்தவன் திரும்பி வந்தால், பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல அவனுக்கு ஜாதகர்மம் செய்து, பெண்டாட்டிக்கு மறுபடி தாலி கட்ட வேண்டும் என்பது சாஸ்திரம். "அவன் வெளில வரட்டும், எல்லாம் நன்னாப் பண்ணலாம். அதுக்கு முன்னாடி நீ பொட்டு வச்சுண்டா அவனுக்குன்னா தோஷம்?" என்று அழுதார். பிள்ளை மேல் பிரியமில்லாதவர் என்று சொல்லமாட்டேன்.

வாயாடி என்று தெரு முழுக்கப் பேரெடுத்தவள் நான். அன்றைக்கு இந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ. வெள்ளைப் புடவையோடு கிளம்பினேன். பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் ஒருவன் குங்குமத்தைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஒரு சிட்டிகை எடுத்து அப்பிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பார்த்துக்கொண்டே கடந்து போனேன்.

மலையாளியான ஜெயில் அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். "பர்த்தா போன ஸ்திரீக்கு உள்ளே ஏது பர்த்தா? ஆள் மாறாட்டம் பண்ண வந்தா இங்க நடக்காது, கேட்டியா," என்றார். நடந்ததையெல்லாம் சொன்னேன். காதில் வாங்கவில்லை. அசல் பெண்டாட்டி அடுத்த மாதம் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

பதினெட்டாம் நாள் அவர் ஜுரத்தில் போய்விட்டார். என்னோடு திரும்பி வந்த வக்காலத்து, கையெழுத்து இல்லாமல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

உடலை வாங்கப் போனேன். அதே வாசல், அதே அதிகாரி. நானும் அதே வெள்ளைப் புடவையில்தான் போயிருந்தேன். என் நெற்றியை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. உடலை ஒப்படைக்கும் காகிதத்தில் பாரியாள் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இவிடெ ஒரு ஒப்பு," என்றார். போட்டேன்.