பேதுருவின் மாமிக்கு மகன் உண்டா

அக்காவின் கணவர் சபைப் போதகர். அப்பா இறந்த பிறகு அம்மா அவர்களோடுதான் இருந்தார். எனக்கு வேறு ஊரில் வேலை. ஆலைக் கொதிகலன்களின் மீட்டர்களைச் சரிபார்ப்பேன்.

சபையில் அம்மாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போதகரின் மாமியார், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, வேதத்தில் அம்மா வம்புக்கு இழுப்பது ஒருத்தியை மட்டும்தான்: பேதுருவின் மாமி. காய்ச்சலில் கிடந்தாள், இயேசு சுகமாக்கினார், எழுந்து, வந்தவர்களைக் கவனித்தாள். அவளைப் பற்றி வேறு சேதி கிடையாது.

"எந்த ஊர்க்காரி, புருஷன் இருந்தானா செத்தானா, ஒண்ணும் இல்ல," என்பார் அம்மா, பாத்திரம் தேய்த்தபடி. "சோறு போட்டதை மட்டும் மறக்காம எழுதிட்டாங்க."

"எழுதினவரும் சாப்பிட்டிருப்பாரு அத்தை," என்பார் அத்தான்.

"நீங்க பேசுவீங்க மாப்ளை. பேதுரு கட்சியாச்சே."

ஒருமுறை நான் கேட்டேன். "மருமகன் வீட்டுல இருந்திருக்காளே, அவளுக்கு மகன் இல்லையாம்மா?"

"இருந்திருப்பான். எங்கயாவது மீட்டர் பாத்துட்டு இருந்திருப்பான்."

அக்காவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன்.

கடைசிக் காய்ச்சல் வந்தபோது வீட்டில் வெளியூர்ச் சபை ஊழியர்கள் தங்கியிருந்தார்கள். அம்மாவின் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். மதியம் அக்கா போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தம்பி, காய்ச்சல் விட்டுடுச்சு! தொண்ணூத்தஞ்சுதான் காட்டுது. எழுந்து அடுப்படிக்கே போயிட்டாங்க."

எங்கள் வேலையில் முதலில் சொல்லித்தருவது இதுதான்: முள் சட்டென்று இறங்கினால் சந்தோஷப்படாதே. மற்றதையும் பார்.

"கை காலைத் தொட்டுப் பாரு."

"சில்லுனு இருக்கு. காய்ச்சல் விட்டா அப்படித்தானே?"

"மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம்."

"அக்கா, அது விட்டது இல்ல. உடம்பு தாங்காம அடங்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

அம்மா போனை வாங்கினார். "ஏன்டா கத்துற? பெரியவங்க ஜெபம் பண்ணி எழுப்பி விட்டிருக்காங்க. திரும்பப் போய்ப் படுத்தா அவங்க மூஞ்சி என்னத்துக்கு ஆகும்? சாப்பிட்டு முடிக்கட்டும், போறேன்."

அவர்கள் சாப்பிட்டு முடித்தார்கள். தட்டை எடுக்கக் குனிந்த அம்மா நிமிரவில்லை. நான் பேருந்தில் இருந்தேன். அத்தான் கூப்பிட்டார். அழுகை மட்டும் கேட்டது. ரத்தத்தில் கிருமி பரவியிருந்ததாக டாக்டர் பிறகு சொன்னார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கல்லறைக் கல்லைப் பற்றிப் பேச்சு வந்தது. அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்த மாமியைப் பத்தித்தானே எப்பவும் பேசுவாங்க. எழுந்து பணிவிடை செஞ்சாள்னு வருமே, அதையே போட்டுடலாமா?"

நல்ல மனிதர். அம்மாவை ஒரு நாளும் வேற்றாளாக நினைத்ததில்லை.

"வேண்டாம் அத்தான். அம்மா படுத்திருக்கட்டும்."

அவர் தலைகுனிந்தார். அப்போது அக்கா தட்டுகளோடு வந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். அத்தான் எழுந்து தட்டுகளை வாங்கிக்கொண்டார்.

"நீ போய்ப் படு. நான் போடுறேன்."

பேதுருவின் மாமிக்கு மகன் இருந்தானா, தெரியாது. இருந்திருந்தால், காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவனும் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்திருப்பான். வந்தபோது அவன் அம்மா எழுந்து பரிமாறிக்கொண்டிருந்திருப்பாள். அவனுக்கும் ஒரு தட்டு வைத்திருப்பாள்.

கொடுத்துவைத்தவன்.