டம்ளரில் ஒரு சிவப்புப் புள்ளி

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்கு எச்ஐவி. மாத்திரையைத் தவறவிட்டதில்லை; அதனால் என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே அவளிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று மந்தைவெளி வீட்டில், செல்போனில் படித்த செய்தியை அவளிடம் சொன்னேன்.

“நம்ம ரத்தத்துல நோயை எதிர்க்கிற டி செல்லையே பழக்கி, ஒளிஞ்சிருக்கிற கிருமியைக் கொல்ல வைக்கப் பாக்கறாங்களாம்மா. முழுசா குணமாயிடலாம்.”

அழுதுவிட்டாள். “எப்பப்பா வரும்?”

“இன்னும் ஆராய்ச்சிதான். வருஷக்கணக்காகும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காபி டம்ளரைத் தனியாகக் கழுவினாள். வேறு யாரும் எடுத்துவிடாதிருக்க நெயில் பாலிஷில் வைத்த சிவப்புப் புள்ளி அதில் மங்கியிருந்தது. பாட்டிலைத் தேடி எடுத்து, அதன்மேலேயே இன்னொரு புள்ளி வைத்தாள்.

மருந்து ஒருநாள் வரும். என் ரத்தத்துக்குத்தான் வரும். அந்தப் புள்ளிக்கு வராது.